புதுப்பிப்பு: தூறலுக்கே நின்றுபோன டிடிஎச், கோளாறு பிடிபட்டது

போன வாரம் எழுதியிருந்தேன்: லேசாகத் தூறினாலே டிவியில் சிக்னல் போகிறது, வந்து பார்த்த சர்வீஸ் ஆள் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி), செட்டாப் பாக்ஸ் இரண்டையும் மாற்ற 1,850 ரூபாய் கேட்டார் என்று. முதலில் கேபிளைப் பாருங்கள் என்று இரண்டு பேர் சொன்னீர்கள். ரொம்ப நன்றி, கோளாறு அங்கேதான்.

எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணனோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். பாக்ஸை அணைத்துவிட்டுத்தான், கேபிளை எல்என்பியோடு இணைக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றினார். அந்தக் கேபிளில்தான் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் போகிறதாம். உள்ளே பச்சை பூத்திருந்தது. சுற்றிய டேப் வெயிலில் உரிந்து, தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. ஒரு மீட்டர் வெட்டிப் பார்த்தும் பின்னல் கம்பி கறுப்பாகவே இருந்ததால் 12 மீட்டரையும் மாற்றினோம். கேபிள் 240, கனெக்டர் 40, கூலி 200, ஆக 480 ரூபாய். கனெக்டருக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினார், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். புதிதாகப் போடுபவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

சிக்னல் தரம் 48லிருந்து 82 ஆனது. நேற்றிரவு கொட்டிய மழையில் மட்டும் ஐந்து நிமிடம் நின்றது. அது பழுதில்லை, டிடிஎச் வரும் கேயூ பேண்ட் அலைகளைக் கனமழை பலவீனமாக்கிவிடும். அம்மா நிம்மதியாகச் சீரியல் பார்க்கிறார்.

அப்புறம், அந்த சர்வீஸ் ஆள் சும்மா வந்து பார்த்ததற்கு வாங்கிய 250 ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.