பாஸ்கா திருவிழிப்பு ஏற்பாடு: எங்கே சிக்கும்?

வழிபாட்டுக்குழு புதுமுகம்

இந்த ஆண்டு பாஸ்கா திருவிழிப்பை, அதாவது ஈஸ்டருக்கு முந்தின சனி இரவு வழிபாட்டை, எங்கள் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பூசைச் சடங்குகளைச் சொல்லும் திருப்பலி நூலைப் படித்துவிட்டோம், சடங்கின் வரிசை தெரியும். தெரியாதது நடைமுறைதான். எத்தனை மணிக்குத் தொடங்கலாம்? ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களையும் வைத்தால் மக்கள் தாங்குவார்களா? மின்விளக்கை எப்போது போடுவது என்பதில் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. பிளாஸ்டிக் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி எரிக்கும், பெரிய மெழுகுவர்த்தி வடிவப் பாஸ்கா திரி ஒன்று ஆலயத்தில் கிடக்கிறது. அதையே வைக்கலாமா?

கோவில்பிள்ளை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வைக்காதீர்கள். பாஸ்கா விழாக்கள் பற்றி வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 1988-இல் விடுத்த சுற்றறிக்கை இதை நேராகவே சொல்கிறது. திரி மெழுகால் ஆனதாக, ஆண்டுதோறும் புதியதாக, ஒன்றே ஒன்றாக, ஓரளவு பெரியதாக இருக்க வேண்டும். செயற்கைத் திரி ஆகாது. போன ஆண்டுத் திரியில் ஆண்டின் கடைசி எண்ணை மட்டும் சுரண்டி மாற்றும் சிக்கனமும் இதிலேயே அடிபடுகிறது.

நேரம்: இருட்டிய பிறகு தொடங்கி, ஞாயிறு விடியுமுன் முடிய வேண்டும். வழக்கமான சனி மாலைப் பூசை நேரத்தில் வைப்பதை அதே அறிக்கை கண்டிக்கிறது. சூரியன் மறைந்ததுமே இருட்டிவிடாது. நாள்காட்டியில் மறைவு நேரத்தைப் பார்த்து ஒரு மணி நேரமாவது கூட்டிக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து தொலைவான நாடுகளில் அதுவும் போதாது.

இனி நெருப்பு. அகலமான இரும்புச் சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரம் மணல், அதன்மேல் விரல் பருமனுள்ள காய்ந்த சுள்ளிகள். கூரை விளிம்புக்கும் தோரணத்துக்கும் அடியில் வேண்டாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் கிட்டவே வரக்கூடாது. குபீரென்று எழும் தீ குனிந்து நிற்கும் குருவின் அங்கியைத்தான் முதலில் பிடிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நீளமான இடுக்கியும் இருக்கட்டும். தூபக் கலசத்துக்கான தணல் இந்த நெருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். கரித்துண்டு முழுதாகப் பற்ற ஐந்து, பத்து நிமிடம் பிடிக்கும். ஆகவே தீ ஆசீர்வதித்ததுமே அதைத் தணலில் போட்டுவிடுங்கள்.

புதுத் திரியின் நுனி மெழுகில் தோய்ந்திருப்பதால் காற்றில் சட்டென்று பற்றாது. மதியமே சில நிமிடம் எரியவிட்டு அணைத்து வையுங்கள். திரியில் குத்தும் சாம்பிராணி மணி ஐந்துக்கும் சுட்ட ஊசியால் அப்போதே துளை போட்டுவிடுங்கள், குளிர்ந்த மெழுகில் அழுத்திக் குத்தினால் விரிசல் விடும். சிலுவை, ஆல்ஃபா, ஒமேகா, ஆண்டின் நான்கு எண்கள் எல்லாம் லேசாகக் கீறியிருந்தால் குரு இருட்டில் தடுமாற மாட்டார்.

மேல்ஸ்தாயி

மக்கள் தாங்குவார்களா என்பதற்கு: வாசகம், பதிலுரைப் பாடல், மௌனம், மன்றாட்டு சேர்த்து ஒன்றுக்கு ஆறு முதல் எட்டு நிமிடம். ஏழுக்கும் சேர்த்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். அருள்பணிக் காரணம் இருந்தால் குறைக்கலாம், ஆனால் குறைந்தது மூன்று வாசகங்கள் இருக்க வேண்டும். எதைக் குறைத்தாலும் செங்கடலைக் கடப்பதைச் சொல்லும் விடுதலைப் பயணம் 14-ஐ விடக்கூடாது. என்னைக் கேட்டால், சலிப்பு வருவது எண்ணிக்கையால் அல்ல. அன்று மாலைதான் வாசகத்தாளைக் கையில் வாங்கியவர் வாசிப்பதால் வருகிறது. பதிலுரைப் பாடல்களில் மூன்றுக்கு மட்டும் முழு இசை, மற்றவற்றுக்கு எளிய ஒரே மெட்டு என்று வைத்தால் பாடகர் குழுவும் பிழைக்கும்.

பாஸ்கா திரியை நிறுத்தியதும் பாடும் நீண்ட பாடலான பாஸ்கா புகழுரையைத் திருத்தொண்டர் பாடுவார், இல்லையென்றால் குரு. பொதுநிலையினர் ஒருவர் பாடுவதானால் ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்ற வாழ்த்தையும் அதற்கு முன்னால் உள்ள பத்தியையும் விட்டுவிட வேண்டும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. தொடக்கச் சுருதியைத் தாழ்வாக எடுங்கள். உற்சாகத்தில் மேலே எடுத்தால் பாதியில் குரல் உடையும். சுருக்க வடிவமும் உண்டு. நற்செய்திக்கு முன் அல்லேலூயாவும் இதே கதைதான்: மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதி ஏறும்.

கோவில்பிள்ளை

விளக்குச் சண்டைக்கு வருவோம். ‘கிறிஸ்துவின் ஒளி இதோ’ மூன்று இடத்தில்: கதவருகே, ஆலய நடுவில், பீடத்துக்கு முன். நடுவில் பாடியதும் மக்கள் திரிகள் ஏற்றப்படும். மூன்றாவது முடிந்து திரியைத் தண்டில் நிறுத்தியதும் மின்விளக்குகளைப் போடச் சொல்கிறது திருப்பலி நூல். பீடத் திரிகள் மட்டும், பழைய ஏற்பாட்டு வாசகங்களுக்குப் பிறகு பாடும் வானவர் கீதம் வரை காத்திருக்கும். அதுவரை ஆலயத்தையே இருட்டில் வைப்பது பரவலான வழக்கம், அழகும்தான். ஆனாலும் நூலில் இல்லாதது. வைக்கிறீர்கள் என்றால் வாசக மேடைக்குத் தனி விளக்கு கட்டாயம்.

எதுவானாலும் சுவிட்ச் பக்கம் ஒரே ஒருவர், கையில் எழுதிய தாளோடு. வானவர் கீதத்துக்கு மணி அடிப்பவரும் அங்கேயே நின்றால் நல்லது. ஒத்திகையை இருட்டிய பிறகு வையுங்கள். பகலில் பார்த்த ஒத்திகையில் படிக்கட்டு தடுக்குவது தெரியாது.

வழிபாட்டுக்குழு புதுமுகம்

நன்றி அண்ணா. மக்கள் திரிகளை வேகமாக ஏற்ற என்ன செய்வது? புகழுரை முடிந்து அணைத்த பிறகு, திருமுழுக்கு வாக்குறுதிக்கு மறுபடி ஏற்ற வேண்டுமே?

பீடச்சிறுவர் பயிற்சி

ஆறு பேரை நடுப்பாதையில் நிறுத்தி, வரிசை முனையில் இருப்பவருக்கு மட்டும் கொடுங்கள், அங்கிருந்து பரவும். எரியும் திரியை நிமிர்த்திப் பிடித்து, எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் சூடான மெழுகு பக்கத்தவர் கையில் விழும். நெருப்பைச் சுற்றி மக்கள் கூடியிருக்கும்போதே இதை ஒரு வரியில் அறிவித்துவிடுங்கள், அதற்குப் பிறகு அறிவிப்பு பவனியைக் கெடுக்கும். இரண்டாம் முறைக்கும் அதே ஆறு பேர். மறையுரை முடியும் நேரத்தில் பாஸ்கா திரியருகே வந்துவிட வேண்டும். யாரும் பையிலிருந்து தீப்பெட்டி எடுக்கும் நிலை வரக்கூடாது.

திருமுழுக்குத் தண்ணீரில் பாஸ்கா திரியை இறக்கும்போது அடிப்பகுதிதான் உள்ளே போகும். பெரிய திரி ஈரமானால் வழுக்கும், ஒருவர் உலர்ந்த துணியோடு பக்கத்தில் நிற்கட்டும். திருமுழுக்கு பெறுபவர் யாரும் இல்லை, திருமுழுக்குத் தொட்டியும் மந்திரிக்கப்படவில்லை என்றால் புனிதர் மன்றாட்டு மாலை கிடையாது. தெளிக்கும் தண்ணீரை மட்டும் மந்திரிப்பார்கள். வாக்குறுதியைப் புதுப்பிப்பதால் விசுவாசப் பிரமாணமும் அன்று இல்லை. பாடகர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழக்கத்தில் தொடங்கிவிடுவார்கள்.