மூக்குல பாரமா, அடியில பாரமா? வீட்டுல ரொக்கட் கட்டுறவங்க வந்து சொல்லுங்க

வாவிமகன்:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், பேர் சொல்லத் தேவல்ல, அவரே வருவார். கிட் வாங்காம சொந்தமா டிசைன் பண்ணி மொடல் ரொக்கட் செய்யிறவங்க பாரத்த அடியில வெக்கணுமாம், அப்பதான் நிமிந்து போகுமாம், மூக்குக்குள்ள களிமண் அப்புறதெல்லாம் வீண் வேலையாம். அதுக்கு லைக் வேற. மட்டக்களப்புல இதுல கைவெக்கிற பொடியனுகளே கொஞ்சம், அவங்களுக்கும் பிழையான வழியக் காட்டாதீங்க. புவியீர்ப்பு மையம், அதாவது விரல்ல வெச்சா ரொக்கட் சமனா நிக்கிற இடம், முன்னுக்கு இருக்கணும். அமுக்க மையம், அதாவது காத்துட தள்ளல் மொத்தமா ஒண்டு சேர்ந்து படுற இடம், பின்னுக்கு இருக்கணும். இடையில குறைஞ்சது டியூப்புட விட்டமளவு தூரம் வேணும். 25 மில்லிமீற்றர் டியூப் எண்டா 25 மில்லிமீற்றர். அப்பதான் சரிஞ்ச ரொக்கட்ட காத்தே பிடிச்சு நேராக்கும்.

அக்கரை_காக்கா:
நான்தான் எழுதின, ஒளிக்க ஒண்டுமில்ல. தம்பி, ஈர்க்கு வாணம் பாத்திரிக்கீங்களா? ஈர்க்கு கீழ தொங்குது. பாரம் கீழ. நேரா போகுது. ஈர்க்க முறிச்சிட்டு விட்டுப் பாருங்க, கிறுகிக் கிறுகி ஆக்கள்ட தலைக்குத்தான் வரும். இதுக்கு மறுமொழி சொல்லிட்டு மத்தத கதைங்க.

வாவிமகன்:
அந்த வாணத்த ஒருக்கா விரல்ல வெச்சுப் பாத்தீங்களா காக்கா? மருந்துக் குழாய்தான் பாரம், ஈர்க்கு நீளமே தவிர அதுல பாரமில்ல. விரல் நிக்கிற இடம் குழாய்க்குக் கிட்டத்தான் வரும். ஈர்க்குட வேலை தொங்குறது இல்ல, பின்னால நிண்டு காத்தப் பிடிக்கிறது. நம்மட ரொக்கட்டுல அடியில ஒட்டுற செட்டை செய்யிற அதே வேலை. நீங்க நினைக்கிறதத்தான் முதல் திரவ எரிபொருள் ரொக்கட் விட்ட கொடார்ட்டும் முதல்ல நினைச்சார். 1926 மார்ச் 16, அமெரிக்காவுல ஓபர்ன் எண்ட ஊர்ல, எஞ்சின மேல வெச்சு டாங்கிய கீழ தொங்கவிட்டார். ரெண்டரை செக்கன் பறந்து, 41 அடி உயந்து, 184 அடி தள்ளி விழுந்திச்சு. பிறகு அவரே எஞ்சின அடிக்குக் கொண்டு வந்திட்டார். அரிக்கன் லாம்பு தொங்கிற மாதிரி ரொக்கட் தொங்க ஆகாயத்துல ஆணி இல்ல. ஈர்ப்பு முழு உடம்பையும் ஒண்டா இழுக்கும், நிமித்தி விடாது.

அக்கரை_காக்கா:
கொடார்ட்டுட ரொக்கட் பறந்ததா இல்லையா? பறந்தது. முடிஞ்சிது கத. சரி, போத்தல் ரொக்கட்டுல தண்ணி எங்க நிக்குது? கீழ!

கல்லாறு_பிள்ளை:
ரெண்டு பேரும் எந்த ரொக்கட்டப் பத்திக் கதைக்கிறீங்க? மருந்தா, தண்ணியா? மருந்தடைச்ச மோட்டார கடையில வாங்கிப் போட்டா அது சொந்த டிசைனா?

வாவிமகன்:
தண்ணி கீழதான் நிக்குது, எவ்வளவு நேரம் காக்கா? போத்தல்ல மூண்டுல ஒரு பங்கு ஊத்தி சைக்கிள் பம்மால அடிச்சு விட்டா ஒரு செக்கனுக்குள்ள அவ்வளவும் பீச்சிப் போயிடும். பிறகு போறது வெறும் போத்தல். அப்ப மூக்குல பாரமில்லாட்டி அங்கினயே கரணமடிக்கும். களிமண் அதுக்குத்தான், களிமண் அதுக்குத்தான்.

ஓய்வு_மாஸ்டர்:
தம்பிமார் சும்மா சண்ட பிடிக்கிறீங்க. ரொக்கட்டுட பக்கத்தோற்றத்த காட்போட்டுல வெட்டி அடிமட்டத்துட விளிம்புல வெச்சா சமனா நிக்கிற இடம்தான் அமுக்க மையம். இதுக்கு கொம்பியூட்டரும் வேணாம் கொடார்ட்டும் வேணாம்.

வாவிமகன்:
மாஸ்டர், மரியாதையோட சொல்றன், அது காத்து ரொக்கட்டுக்குக் குறுக்கால அடிச்சா வாற கணக்கு. நேரா பறக்கிற ரொக்கட்டுக்கு அமுக்க மையம் இன்னும் பின்னுக்கு இருக்கும். நாசாவுல வேலை செஞ்ச பரோமன் 1966லயே இதுக்குச் சமன்பாடு போட்டுக் குடுத்திட்டார், இப்ப ஓபன்ரொக்கட் எண்ட மென்பொருள் சும்மாவே கிடைக்குது. காட்போட்ட நம்பினா தேவைக்கு மேல பெரிய செட்டை வெப்பீங்க. கச்சான் காலத்துல கல்லடிக் கடற்கரையில அத விட்டுப் பாருங்க. காத்து மேற்கால இருந்து வரும், பெரிய செட்டை மூக்க காத்துப் பக்கம் திருப்பும், ரொக்கட் ஊருக்கு மேல ஓடும், உச்சியில பரசூட் விரிஞ்சா அதே காத்து திருப்பி கடலுக்குக் கொண்டு போய்க் குடுக்கும்.

ஓய்வு_மாஸ்டர்:
நான் பிரயோக கணிதம் படிப்பிச்ச ஆள். மென்பொருளத் தட்டத் தெரிஞ்சவனெல்லாம் வாத்தியாருக்குப் பாடமெடுக்கிற காலம். போன வருசம் பட்டம் கட்டுற கதையிலயும் இதே தம்பிதான் என்னை மறிச்சவர், மறக்கல்ல.

அக்கரை_காக்கா:
அதச் சொல்லுங்க மாஸ்டர்! இவர் இரிக்கிறது கனடாவுல, கதைக்கிறது கச்சான் காத்து.

வாவிமகன்:
நான் பிறந்தது கல்லடி, கச்சான் எந்தப் பக்கத்தால வரும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவல்ல. எங்க இருந்தாலும் அமுக்க மையம் அமுக்க மையம்தான்.

செங்கலடி_பொடியன்:
அண்ணா, மோட்டார் இஞ்ச எங்கயும் இல்லயே, மருந்த வீட்டுல கலக்கலாமா?

வாவிமகன்:
கலக்காத தம்பி. இதுல மட்டும் பகிடியே இல்ல. ஏ8-3 எண்டு ஒரு மோட்டார் எடு. ஏ எண்டா மொத்தக் கணத்தாக்கு, அதாவது உதைப்பையும் எரியிற நேரத்தையும் பெருக்கின அளவு, 2.5 நியூட்டன் செக்கனுக்குள்ள, 8 எண்டா சராசரி உதைப்பு 8 நியூட்டன், 3 எண்டா எரிஞ்சு முடிஞ்சு மூண்டு செக்கனால பரசூட்டத் தள்ளும். இத பக்டரியில அளந்து செய்யிறாங்க. நீ குசினியில கலந்தா கை போகும், வெடிபொருள் சட்டத்துல பொலிசும் வரும். நம்மட ஊர்ல ஒரு சத்தம் கேட்டா சனம் என்ன பாடு படும் எண்டு உனக்குத் தெரியாதா? போத்தலும் தண்ணியும் பம்மும் எடு, செட்டைய சொந்தமா டிசைன் பண்ணு, சமனா நிக்கிற இடத்துல நூலக் கட்டி தலைக்கு மேலால சுத்திப் பாரு. மூக்கு முன்னுக்குப் போனா விடலாம். வால் முன்னுக்கு வந்தா மூக்குல களிமண் கூட்டு.

கல்லாறு_பிள்ளை:
அப்ப தண்ணி ரொக்கட்தானா? இத முதலே சொல்லியிருக்கலாமே.

அக்கரை_காக்கா:
நூலக் கட்டிச் சுத்தினா கல்லும்தான் சுத்தும். வாணத்துல ஈர்க்கு கீழயா மேலயா? அதுக்கு இன்னும் ஆளில்ல.

வாவிமகன்:
சொல்லிட்டன் காக்கா, மேல ஏறி வாசிங்க. வாணத்த விரல்ல வெச்சுப் படமெடுத்துப் போடுங்க, விரல் ஈர்க்குட நடுவுல நிண்டா நான் இந்தப் பக்கமே வரமாட்டன்.

அக்கரை_காக்கா:
படமெல்லாம் எடுக்க எனக்கென்ன விசரா? பாரம் கீழ.

ஓய்வு_மாஸ்டர்:
பட்டம் விசயத்துலயும் இப்பிடித்தான் படம் கேட்டவர்.