கோஸ்டல் பிரிவு மீண்டும் நமதாகுமா? ஜார்ஜியா டெக்கின் ஓட்ட ஆட்டம் குறித்து ஒரு விவாதம்

எழுதுபவர்: வடக்கு அவென்யூ (2015 ஆகஸ்ட் இறுதி)

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நாம் ஆடும் ஏசிசி கூட்டமைப்பின் ஊடகவியலாளர்கள் இந்தப் பருவத்தில் அதன் இரு பிரிவுகளில் ஒன்றான கோஸ்டலின் முதலிடத்துக்கு ஜார்ஜியா டெக்கைத்தான் கணித்திருக்கிறார்கள். ஏபி செய்தி நிறுவனத்தின் தேசியத் தரவரிசையிலும் 16-ஆம் இடத்தில் தொடங்குகிறோம். ஆனாலும் அட்லாண்டாவில் படித்துவிட்டு இன்று பல ஊர்களில் இருக்கும் நம் நண்பர்கள் கூடும்போதெல்லாம் ஒரே குறை எழுகிறது: பந்தை எறியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் இந்த 'டிரிபிள் ஆப்ஷன்' ஆட்டம் பழையது, இதை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது என்கிறார்கள். நான் இதை முழுமையாக மறுக்கிறேன்.

2014-இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 342 யார்டு ஓடி, அந்தக் கணக்கில் நாட்டிலேயே இரண்டாமிடம் பெற்றோம். கிளெம்சனை 28-6 என்று வென்றோம். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகருக்குச் சென்று, ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து நம்மைத் தோற்கடித்துவந்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைக் கூடுதல் நேரத்தில் 30-24 என்று வீழ்த்தினோம். தோல்வியே காணாமல் வந்த ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் ஏசிசி இறுதி ஆட்டத்தில் இரண்டே புள்ளிகளில், 37-35 என்று தோற்றோம். பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பவுலில் மிசிசிப்பி ஸ்டேட்டை 49-34 என்று வென்றோம். அதே பருவத்தில் ஐந்து வாரங்கள் நாட்டின் முதலிடத்தில் இருந்த அணி அது. இவ்வளவையும் ஓடியே சாதித்த அணியிடம் ஓட்டத்தைக் கைவிடச் சொல்வதன் நியாயம் எனக்கு விளங்கவில்லை.

மிட்டவுன் மாறன்

நண்பருக்கு வணக்கம். ஒரு நல்ல ஆண்டை எடுத்துவைத்துக்கொண்டு ஏழு ஆண்டுகளின் கதையைச் சொல்லக் கூடாது. பிரிவுப் பட்டம் ஃபுளோரிடா ஸ்டேட்டோடு ஆடி முடிவாவதில்லை. ஆண்டுதோறும் நம்மைச் சந்திக்கும் ஆறு கோஸ்டல் அணிகளோடு ஆடித்தான் முடிவாகிறது. அவர்களுக்கு நம் ஆட்டம் பழகிவிட்டது. மயாமியிடம் 2009 முதல் 2013 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தோற்றோம். வர்ஜீனியா டெக்கிடம் 2010 முதல் 2013 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தோற்றோம். அவர்களின் தற்காப்புப் பயிற்சியாளர் பட் ஃபாஸ்டரின் ஆட்கள் நம்மைக் கட்டிப்போட்ட விதத்தை நேரில் பார்த்தவன் நான். 2013-இல் அட்லாண்டாவிலேயே பத்துப் புள்ளிகளுக்கு மேல் நம்மால் எடுக்க முடியவில்லை.

இடையே 2012-இல் பிரிவின் சார்பில் இறுதி ஆட்டத்துக்குப் போனோமே என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த ஆண்டு மயாமி தானாகவே விலகிக்கொண்டது, வட கரோலினாவுக்குத் தடை இருந்தது, அதனால் கிடைத்த இடம் அது.

ஆரஞ்சு பவுலையும் சொன்னீர்கள். அதற்கு முன் நம் பயிற்சியாளர் பால் ஜான்சனின் பவுல் ஆட்டங்களைப் பாருங்கள்: எல்எஸ்யூவிடம் 38-3, அயோவாவிடம் 24-14, ஏர் ஃபோர்ஸிடம் 14-7, யூட்டாவிடம் கூடுதல் நேரத்தில் 30-27, ஓல் மிஸ்ஸிடம் 25-17. யூஎஸ்சியை வென்ற 2012 தவிர எல்லாம் தோல்வி. ஒரு மாதம் படித்துப் பார்க்க நேரம் கிடைத்தால் இந்த ஆட்டத்துக்கு விடை கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

முதலாமாண்டு மாணவி

நான் இந்த மாதம்தான் சென்னையிலிருந்து அட்லாண்டாவுக்கு முதுகலை படிக்க வந்திருக்கிறேன். கிரிக்கெட் தவிர வேறு எதையும் பார்த்து வளரவில்லை. பாபி டாட் அரங்கத்தில் முதல் ஆட்டத்துக்குப் போகப் போகிறேன். நீங்கள் எல்லோரும் சொல்லும் 'டிரிபிள் ஆப்ஷன்' என்றால் என்ன என்று யாராவது பொறுமையாக விளக்க முடியுமா? மற்ற அணிகளும்தானே பந்தோடு ஓடுகின்றன?

தொண்ணூறின் மாணவர்

வாருங்கள் அம்மா. நான் இங்கே படித்த காலத்தில்தான் 1990-இல் பாபி ராஸ் பயிற்சியில் தேசியப் பட்டத்தைக் கொலராடோவோடு பகிர்ந்துகொண்டோம். அப்போது நாம் ஆடியது வேறு ஆட்டம். இன்று ஆடுவதைச் சொல்கிறேன்.

பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு நேர் பின்னால் நிற்பவர் பி-பேக். இரு பக்கமும் முன்வரிசையின் ஓரத்தை ஒட்டிச் சற்றுப் பின்னால் நிற்பவர்கள் ஏ-பேக். பந்து ஒவ்வொரு முறை ஆட்டத்துக்கு வரும் நொடியிலும் எதிரணியின் முன்வரிசையில் ஒருவரை நாம் வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுகிறோம். அவர் பி-பேக்கின் மேல் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வெளியே ஓடுகிறார். அவர் குவார்ட்டர்பேக்குக்காகக் காத்து நின்றால் பந்து பி-பேக்கின் வயிற்றுக்குப் போய்விடுகிறது. வெளியே ஓடும்போது தடுக்கப்படாத இரண்டாவது ஆள் ஒருவர் வருவார். அவர் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால் பந்து பக்கவாட்டில் ஏ-பேக்குக்கு வீசப்படும். மூன்று வழிகள், எது என்பதை எதிராளியின் அசைவே முடிவு செய்கிறது. தடுக்காமல் விட்ட அந்த இருவருக்காகச் செலவாகாத இரண்டு தடுப்பாளர்கள் வேறு இருவர் மேல் போய் விழுகிறார்கள். ஆள்பலம் குறைந்த அணிக்கு இந்தக் கணக்குதான் துணை.

இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டத்தைத் தடுக்கப் பின்வரிசை ஆட்கள் முன்னே வந்துவிட்டால், எறியும் பந்தைப் பிடிக்க ஓரத்தில் நிற்கும் நம் நெடிய ரிசீவரோடு ஒரே ஒருவர் தனியாக அகப்பட்டுக்கொள்வார். டெமேரியஸ் தாமஸ் 2010-இல் முதல் சுற்றுத் தேர்விலேயே தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போனது இந்த ஆட்டத்தில் ஆடித்தான். ஆகவே பந்தை எறிவதே இல்லை என்பது தவறு. குறைவாக எறிகிறோம், எறியும்போது தொலைவுக்கு எறிகிறோம்.

வடக்கு அவென்யூ

பெரியவர் தந்த விளக்கத்துக்கு நன்றி. மாறன் சொன்ன தோல்விகளை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் பட்டியலில் விட்டுவிட்டவற்றையும் வைக்க வேண்டும். வட கரோலினாவை 2009 முதல் 2013 வரை ஐந்து ஆண்டுகளும் வென்றோம். அதில் 2012-இல் 68 புள்ளிகள் எடுத்தோம். டியூக்கிடம் 2014-க்கு முன் ஜான்சன் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அவர்களும் நம்மை ஆண்டுதோறும்தான் சந்தித்தார்கள். பழகியதால் விடை கிடைத்துவிடும் என்றால் அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? மயாமியிடமும் வர்ஜீனியா டெக்கிடமும் நல்ல வீரர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட அணியிடம் நாம் வேறு எந்த ஆட்டம் ஆடியிருந்தாலும் அதே தோல்விதான் வந்திருக்கும், ஒருவேளை இன்னும் பெரிதாக.

நம் கல்லூரியில் பாடம் கடினம். விளையாட்டு வீரர்களும் கணிதத்தைத் தவிர்க்க முடியாது. படிக்கக்கூடிய துறைகளும் குறைவு. பள்ளியிலேயே பெயர்பெற்ற பிள்ளைகளை ஜார்ஜியாவும் அலபாமாவும் அள்ளிக்கொண்டு போகின்றன. எல்லோரும் ஆடும் ஆட்டத்தையே நாமும் ஆடினால், எல்லோரும் தேடும் அதே பிள்ளைகளைத் தேடி, அவர்கள் விட்டுவைத்ததைத்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஜான்சன் இதை ஜார்ஜியா சதர்னில் செய்து 1999, 2000 ஆகிய இரு ஆண்டுகளும் பட்டம் வென்றார். ராணுவ ஒழுக்கத்துக்கு உட்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடற்படைக் கல்லூரியான நேவியில் செய்தார். 43 ஆட்டங்களாக நோட்டர் டேமிடம் தோற்றுவந்த நேவி 2007-இல் அவர் கீழ்தான் வென்றது.

மிட்டவுன் மாறன்

நேவிக்குப் பொருந்துவது நமக்கும் போதும் என்று நினைப்பதே எனக்கு வருத்தம் தருகிறது. 1990-இல் இதே கல்லூரி, இதே பாடங்களோடு, தேசியப் பட்டம் வென்றதைப் பெரியவரே சொன்னார். 1998-இல் ஜோ ஹாமில்டன் பந்தை எறிந்து பத்து வெற்றிகள் பெற்றுத் தந்தார். முடியாது என்று நாமே எல்லை போட்டுக்கொள்கிறோம்.

என் முதன்மைக் கவலை வேறு. பின்தங்கிவிட்டால் நமக்கு மீளும் வழி குறைவு. பந்து கிடைக்கும் ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் ஆடி, ஆறேழு நிமிடம் கடிகாரத்தைத் தின்று களத்தைக் கடக்கிற அணிக்கு, நான்காம் கால்பகுதியில் பதினான்கு புள்ளிகள் தேவைப்படும்போது அந்தக் கடிகாரமே எதிரியாகிறது. ஒரு ஆட்டத்தில் நமக்குப் பந்து கிடைக்கும் முறைகளும் மற்ற அணிகளைவிடக் குறைவு. ஆகவே ஒரே ஒரு ஃபம்பிளின், அதாவது பந்தைக் கைதவற விடுவதன், விலை நமக்கு அதிகம். பந்தைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் ஃபம்பிள் நடக்காமல் இருக்காது. முன்னிலையைக் காக்கவாவது இது உதவுமா என்றால், 2013-இல் ஜார்ஜியாவுக்கு எதிராக 20-0 என்று முன்னே சென்றுவிட்டு, இரண்டாம் கூடுதல் நேரத்தில் 41-34 என்று தோற்றோம்.

தொண்ணூறின் மாணவர்

மாறன் தம்பி, 2013-இன் அந்த ஆட்டத்தை நானும் மறக்கவில்லை. ஆனால் கடந்த ஆண்டு ஏதென்ஸில் சில வினாடிகளே மிச்சமிருக்க 24-21 என்று பின்தங்கியிருந்தோம். ஹாரிசன் பட்கர் 53 யார்டிலிருந்து உதைத்துச் சமன் செய்தார், டி. ஜே. வைட் பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்தார். பின்தங்கியதும் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. நம் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் தாமஸ் போன்ற ஒருவர் பந்தை வைத்திருக்கும்போது இன்னும் இல்லை. கடந்த ஆண்டு அவர் 1,086 யார்டு ஓடினார், 18 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) எறிந்தார். அவர் திரும்பி வருகிறார்.

இருப்பினும் இருவரும் தவறான இடத்தில் சண்டையிடுகிறீர்கள் என்பது என் எண்ணம். இந்த ஆண்டு எனக்கு உறக்கம் கெடுப்பது, போய்விட்டவர்களின் பட்டியல். பி-பேக்கில் சாக் லாஸ்கி, சின்ஜின் டேஸ் இருவரும் இல்லை. ஆரஞ்சு பவுலில் டேஸ் ஒருவரே 171 யார்டு ஓடியவர். ஏ-பேக்கில் பெர்கின்ஸ், ஸெனன், ஹில், பாஸ்டிக் நால்வரும் முடித்துவிட்டார்கள். ரிசீவர்கள் ஸ்மெல்டர், வாலர் இருவரும் என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார்கள். முன்வரிசைத் தடுப்பாளர் ஷாக் மேசன் அங்கே நியூ இங்கிலாந்து அணிக்குப் போனார்.

இவர்களில் பலர் பந்தைத் தொட்ட தடவைகள் குறைவு. அதனால் செய்தித்தாள்கள் அவர்களைப் பெரிதாக எழுதவில்லை. ஆனால் ஓரத்தில் ஓடிவரும் எதிரணியின் பின்வரிசைக் காவலரான சேஃப்டியின் கால்களை வெட்டி வீழ்த்தியவர்கள் அந்த ஏ-பேக்குகள்தாம். ஐம்பது யார்டு ஓட்டம் ஒன்று நிகழும்போதெல்லாம் பந்துக்கு முன்னால் யாராவது ஒருவர் தரையில் கிடந்தார். ஸ்மெல்டரும் வாலரும் பந்தைப் பிடித்ததைவிடக் ஓரத்தைக் காக்கும் கார்னர்பேக்கைத் தள்ளிக்கொண்டு போனதே அதிகம். பி-பேக் இடத்துக்கு ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்திருக்கும் பேட்ரிக் ஸ்கோவ் நல்ல வலுவானவர். ஆனால் இந்தத் தடுப்புகளை நான்கு ஆண்டுகள் பழகிய ஒருவர் செய்வதும், முதல் முறையாகச் செய்பவர் செய்வதும் ஒன்றாகாது. அரை நொடி தாமதமானால் எட்டு யார்டு கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிடைக்கும். பத்து யார்டு கடக்கத் தரப்படும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதான மூன்றாம் டவுனில் இரண்டு யார்டு தேவைப்படுவதற்குப் பதில் எட்டு தேவைப்படும். அங்கேதான் மாறன் சொல்லும் குறை உயிர்பெறும்.

மிட்டவுன் மாறன்

ஐயா, நீங்கள் சொன்ன இதை மனமார ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மற்ற அணிகளில் அனுபவம் போனால், திறமைமிக்க புதியவர் ஒருவர் தன் வேகத்தாலேயே சமாளித்துவிடுவார். நம் ஆட்டத்தில் பதினொருவரும் ஒரே நொடியில் ஒரே கணக்கைப் போட வேண்டும். ஆகவே புதியவர்களால் வரும் இழப்பு நமக்கு அதிகம். அதையும் ஆட்டமுறையின் குறையென்றே நான் எண்ணுகிறேன்.

அட்டவணையையும் பாருங்கள். கடந்த ஆண்டு ஏசிசியின் மற்றொரு பிரிவான அட்லாண்டிக்கிலிருந்து கிளெம்சனும் என்சி ஸ்டேட்டும் வந்தன. இந்த ஆண்டு கிளெம்சனோடு ஃபுளோரிடா ஸ்டேட் வருகிறது. கிளெம்சனின் தற்காப்புப் பயிற்சியாளர் பிரென்ட் வெனபிள்ஸ் நம்மை நான்காம் முறையாகச் சந்திக்கிறார். ஆட்டம் அவர்கள் ஊரில். கடந்த ஆண்டு அவர்களின் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சன் காயப்பட்டு வெளியேறியதை மறந்துவிட்டு 28-6 என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

வடக்கு அவென்யூ

புதியவர்கள் குறித்த கவலையை ஏற்கிறேன். முன்வரிசையில் பெரும்பாலோர் திரும்புவதால், பி-பேக்கை நடுவே அனுப்பும் ஆட்டம் முதல் வாரங்களிலேயே நிலைபெறும் என்று நம்புகிறேன். ஓரத்துத் தடுப்புகள் பழகும்வரை அது தாங்க வேண்டும். அல்கார்ன் ஸ்டேட்டும் டுலேனும் அதற்கு அவகாசம் தரும். அடுத்து நோட்டர் டேம். அங்கே தோற்றாலும் கோஸ்டல் கணக்கில் அது சேராது.

2014-இல் டியூக்கிடம் 31-25 என்றும், வட கரோலினாவிடம் 48-43 என்றும் அடுத்தடுத்துத் தோற்றதை மாறன் இன்னும் எடுக்கவில்லை, நானே எடுக்கிறேன். 43 புள்ளிகள் எடுத்துத் தோற்றதற்கு ஓட்ட ஆட்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று கடைசி வினாடிகளில் எல்லைக்கோட்டைக் கடக்கவிட்டது நம் தற்காப்பு. பட்டம் நழுவினால் நான் முதலில் கேள்வி கேட்கப் போவது நம் தற்காப்புப் பயிற்சியாளர் டெட் ரூஃபின் பக்கம்தான்.

மிட்டவுன் மாறன்

தற்காப்பு குறித்து உங்களோடு எனக்குச் சண்டையில்லை. செப்டம்பர் 26 அன்று டர்ஹாமில் டியூக்கோடு ஆடுகிறோம். அதற்கு அடுத்த வாரம் வட கரோலினா இங்கே வருகிறது. கடந்த ஆண்டு நம்மைத் தோற்கடித்த அதே இருவர், அதே வரிசையில். டர்ஹாமில் முதல் கால்பகுதியில் புதிய ஏ-பேக்குகள் சேஃப்டியைத் தரையில் சாய்க்கிறார்களா என்று மட்டும் பார்க்கப் போகிறேன். சாய்த்தால் அன்றிரவே இங்கு வந்து, நீங்கள் சொன்னது சரி என்று எழுதுவேன்.

முதலாமாண்டு மாணவி

இனி நான் பந்தைப் பார்க்காமல் ஏ-பேக்கைப் பார்க்கிறேன். முதல் ஆட்டத்துக்கு மாணவர் பகுதியில் எந்தப் பக்கம் அமர்ந்தால் அது நன்றாகத் தெரியும், ஐயா?

தொண்ணூறின் மாணவர்

கோல் கம்பத்துக்குப் பின்னால், முடிந்தவரை உயரமாக அமருங்கள் அம்மா. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கூட்டம்தான் தெரியும். பின்னாலிருந்து பார்க்கும்போது, யாரைத் தடுக்காமல் விட்டார்கள் என்பது கண்ணுக்கு நேரே தெரியும்.