4,600 மீட்டரில் கல் இருக்கிறது, அடுப்பு எங்கே?

மலைக்காகம்: பார்லி பயிரிடத் தெரிந்த பிறகு, 3,600 ஆண்டுகளுக்கு முன்புதான் மனிதன் திபெத் மேட்டில் ஏறினான் என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. அங்கே நுவ்யா தேவு என்ற இடத்தில், 4,600 மீட்டர் உயரத்தில், மனிதன் உடைத்துச் செதுக்கிய 3,683 கற்பொருள்கள் கிடைத்தன. வயது 30,000 முதல் 40,000 ஆண்டு. 2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. அந்தக் கற்கள் தாமாகவே மலையேறினவா?

கூழாங்கல்: 'ஒருவர்' என்ன ஒருவர், நான்தான். பெயரைச் சொல்ல வாய் வரவில்லையா? 3,683 கல் சரி. அடுப்பு எங்கே? எலும்பு எங்கே? பக்கத்தில் நல்ல கல் இருந்தது, வந்தான், உடைத்தான், இறங்கிப் போனான். பட்டறைக்குப் போய் வந்தவன் எல்லாம் அங்கே குடியிருந்தவனா?

மலைக்காகம்: நேற்று 'ஏறினான்', இன்று 'குடியிருந்தான்'. நல்லா மாத்துறீங்க.

கூழாங்கல்: அடுப்பு எங்கே என்று கேட்டேன். பதில் வரவில்லை.

சில்லு: அடுப்புதான் வேண்டுமா? எத்தியோப்பியாவின் பாலே மலையில் ஃபிஞ்சா ஹபேரா பாறைக்குகை, 3,469 மீட்டர். 47,000 முதல் 31,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். எரிமலைக் கண்ணாடிக் கருவிகள், அடுப்பு, சுட்ட பெருச்சாளி எலும்பு எல்லாமே உண்டு.

கூழாங்கல்: திபெத்தைக் கேட்டால் எத்தியோப்பியாவுக்கு ஓடுகிறீர்கள். அங்கே அடுப்பு எரிந்தால் இங்கே சோறு வேகுமா? அப்புறம், அது பெருச்சாளி இல்லை. மண்ணுக்குள் வாழ்ந்து வேர் தின்னும் பெரிய எலி. தெரியாததை எழுதாதீர்கள்.

சில்லு: எலியைப் பிடித்துக்கொண்டு மலையை விட்டுவிட்டீர்கள்.

மலைக்காகம்: இவர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் திபெத் மேட்டின் சியாஹேயில் கிடைத்த தாடை எலும்பு பற்றிய பேச்சிலும் இதே கதை. 3,280 மீட்டரில், குறைந்தது 1,60,000 ஆண்டு பழைய தாடை, அழிந்துபோன மனித வகையான டெனிசோவனுடையது. "அது ஒரே ஒரு தாடைதானே" என்றார். தாடை கிடைத்தால் அடுப்பு கேட்பார், அடுப்பு கிடைத்தால் தாடை கேட்பார்.

கூழாங்கல்: ஒரே ஒரு தாடைதான், இன்றும் சொல்கிறேன். டெனிசோவனை இழுத்து நம் ஆட்களின் கணக்கில் எழுதாதீர்கள். அடுப்பு?

பனித்துளி: ஒரு சந்தேகம். அந்த 40,000 ஆண்டைக் கல்லை வைத்தா கணக்கிட்டார்கள்?

சில்லு: இல்லை. கல்லைச் சுற்றியிருந்த மண்ணின் மணல்துகள் மீது கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று பார்க்கும் முறை.

கூழாங்கல்: அதாவது வயது மணலுக்கு, கல்லுக்கு இல்லை. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

சில்லு: எங்கே சொன்னீர்கள்? இதுவரை அடுப்பைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. மண்ணடுக்கு கலையவில்லை என்றால் அதற்குள் இருக்கும் கல்லுக்கும் அதே வயதுதான்.

மலைக்காகம்: திபெத்தின் சுசாங் வெந்நீரூற்றுப் பாறையில் கைத்தடமும் கால்தடமும் பதிந்திருக்கின்றன. சிறுவர்களுடையதும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டா பட்டறைக்குப் போனார்கள்?

கூழாங்கல்: அதன் வயதிலேயே சண்டை. முதலில் 20,000 ஆண்டு என்றார்கள். 2017இல் 7,400 முதல் 12,700 என்று இறக்கினார்கள்.

மலைக்காகம்: இறக்கியும் உங்கள் 3,600ஐவிட இரண்டு மடங்கு!

கூழாங்கல்: கால்தடத்தில் சமைக்க முடியாது.

சில்லு: எலிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், திருத்திவிடுகிறேன்.

கூழாங்கல்: வேரெலி.