பிஎச்பி ப்ராஜெக்ட் லேப்ல ஓடுது, வீட்ல ஓடல, ஊர் பேரு வேற பாதில வெட்டுது

கண்டாங்கி_03:
வணக்கம். நான் எம்சிஏ முதல் வருஷம், காரைக்குடி பக்கம், காலேஜ் பேர் வேணாம். இந்த செமஸ்டர்ல டேட்டாபேஸோட ஓடுற வெப்சைட் ஒன்னு மினி ப்ராஜெக்டா குடுக்கணும். கிளாஸ்ல பாதி பேரு ஸ்டூடண்ட் மேனேஜ்மெண்ட் சிஸ்டம் தான் பண்றாங்க, எனக்கு அதுல இஷ்டம் இல்ல, எங்க அப்பத்தா கல்யாணத்துக்கு பலகாரம் ஆர்டர் எடுத்து செய்யும் (தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, மணகோலம் எல்லாம்), அந்த ஆர்டர் நோட்டையே சைட்டா பண்ணலாம்னு ஆரம்பிச்சேன்.

பிஎச்பில (வெப்சைட்டோட பின்பக்க வேலைக்கான மொழி) எழுதுனேன், லேப்ல நல்லா ஓடுச்சு. பென் டிரைவ்ல கொண்டாந்து வீட்டு லேப்டாப்ல புது ஸாம்ப் (பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்த்து தர்ற சாஃப்ட்வேர்) போட்டு ஓட்டுனா, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோட இணைக்கிற மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்னு ஒரு ஃபங்ஷனே இல்லைன்னு எரர் வந்து நிக்குது. யூட்யூப் பார்த்து மைஎஸ்க்யூஎல்ஐன்னு மாத்துனேன், ஓடுச்சு, ஆனா தமிழ்ல பேர் போட்டா ?????? னு வருது. புதுசா டேபிள் போட்டா தமிழ் வருது, ஆனா கானாடுகாத்தான்னு அடிச்சா "கானாடுகாத்" வரைக்கும் தான் சேவ் ஆகுது. காரைக்குடி மட்டும் கரெக்டா வருது!! நேத்து டிசோசான்னு ஒரு கஸ்டமர், இங்கிலீஷ்ல டி போட்டு மேல ஒத்தைக் கோட்டேஷன் வச்சு எழுதுவாரு, அவரு பேர போட்டதும் பேஜே செத்துப்போச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பிஎச்பியே வேஸ்ட், ரியாக்ட், நோட்ஜேஎஸ்னு ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போன்னு சொல்றாங்க. என்ன பண்ண?

பைட்_பாண்டி:
ரியாக்ட் கத்துக்கோங்க சிஸ்டர், இண்டர்வியூல அதான் கேக்குறாங்க, பிஎச்பி எல்லாம் எங்க சித்தப்பா காலம்

தேவகோட்டை_ரஸ்தா:
பாண்டி தம்பி, ரியாக்ட்ல எழுதுனாலும் அந்த டிசோசா வந்தா இதே மாதிரி தான் சாகும், ஏன்னா பிரச்சினை பின்னாடி டேட்டாபேஸ்கிட்ட பேசுற இடத்துல இருக்கு. வேலைக்கு அது வேணும் தான், ஆனா இப்போ இல்ல.

கண்டாங்கி, பயப்படாதம்மா, நீ சொன்னது எல்லாமே நாங்களும் பட்டது தான். அந்த பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை 2013ல பிஎச்பி 5.5 வந்தப்பவே விடச்சொல்லி வார்னிங் குடுத்தாங்க, 2015 டிசம்பர்ல பிஎச்பி 7 வந்தப்ப மொத்தமா தூக்கிட்டாங்க. லேப்ல பழைய வெர்ஷன் கிடக்கும், அதான் அங்க ஓடுது. மைஎஸ்க்யூஎல்ஐ ஓகே, ஆனா இப்பவே பிடிஓவுக்கு (பல டேட்டாபேஸோட ஒரே மாதிரி பேசுற பிஎச்பி வழி) மாறிட்டா நல்லது. எதுல எழுதுனாலும் கஸ்டமர் அடிச்சத க்வெரில (டேட்டாபேஸுக்கு அனுப்புற கட்டளை) புள்ளி வச்சு நேரா ஒட்டாத, ப்ரிபேர்டு ஸ்டேட்மெண்ட் (கட்டளை தனியா, அடிச்ச விவரம் தனியா போறது) போடு. டிசோசா அப்பாவி, அவரு பேர்ல இருந்த கோட்டேஷன் உன் க்வெரிய பாதில மூடிருச்சு, அவ்வளவு தான். அதே ஓட்டைய தெரிஞ்சு ஒருத்தன் பயன்படுத்துனா பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள வந்துருவான்.

தமிழ் ????: லேப்ல இருந்து கொண்டாந்த டேபிள் லேட்டின்1ல (தமிழ் எழுத்துக்கு இடமில்லாத முறை) இருந்திருக்கும். டேபிள், கனெக்ஷன் ரெண்டுமே யுடிஎஃப்8எம்பி4ல (எல்லா மொழியும் வர்ற முறை) இருக்கணும். ஏற்கெனவே ?? ஆனது திரும்ப வராது, நோட்ட பாத்து மறுபடி அடிக்க வேண்டியது தான்.

ஊர் பேரு சமாச்சாரம் தான் எனக்கு ரொம்ப பிடிச்சுச்சு, டேபிள்ல ஊர் பேரு பத்திக்கு (காலம்) வார்கேர் 10, அதாவது அதிகபட்சம் 10 குறி தான்னு போட்டிருக்க, சரியா? கானாடுகாத்தான் நம்ம கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடுல (கம்ப்யூட்டர் எழுத்துக்கு நம்பர் குடுக்குற முறை) கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணும், அதனால 14. காரைக்குடி 5 எழுத்து, அங்க சரியா 10, அதனால தப்பிச்சுது. பிஎச்பில ஸ்ட்ர்லென் போட்டு பாரு, காரைக்குடிக்கு 30னு சொல்லும், அது பைட் எண்ணுது, தமிழ்ல ஒவ்வொன்னுக்கும் 3 பைட். எம்பி_ஸ்ட்ர்லென் போட்டா 10 வரும். வார்கேர் 100 போட்டுட்டு நிம்மதியா இரு.

ஆத்தங்குடி_கல்லு:
எங்கப்பா டைல்ஸ் பட்டறைக்கு நான் இதே மாதிரி ஒன்னு பண்ணேன், ரெண்டு எடத்துல அடி வாங்குனேன். ஒன்னு ரேட். ஐட்டம் டேபிள்ல மட்டும் ரேட் வச்சிருந்தேன், அப்பா ரேட் ஏத்துனதும் போன வருஷ பில் எல்லாம் சேர்ந்து ஏறிப்போச்சு 😭 ஆர்டர் ஒரு டேபிள், ஆர்டர்ல இருக்க ஒவ்வொரு ஐட்டமும் இன்னொரு டேபிள், அதுல அன்னைக்கு ரேட்ட காப்பி பண்ணி வையுங்க. அப்பத்தா நோட்ட பாருங்க, ஒவ்வொரு வரிலயும் அன்னைக்கு ரேட் எழுதிருக்கும், நம்மளவிட டேட்டாபேஸ் டிசைன் அவங்களுக்கு நல்லா தெரியும். இன்னொன்னு ரீஃப்ரெஷ். ஆர்டர் போட்டுட்டு எஃப்5 அமுக்குனா அதே ஆர்டர் மறுபடி விழும், 200 கல்லு 400 ஆச்சு. சேவ் ஆனதும் வேற பேஜுக்கு ரீடைரக்ட் பண்ணிருங்க.

கண்டாங்கி_03:
அண்ணே நான் ஐட்டம் எல்லாத்தையும் ஒரே பத்தில (காலம்) கமா போட்டு வச்சிருக்கேன் 🙈 லாகின்ல செஷன்னு ஒன்னு சொல்றாங்களே, அதுவும் மண்டைல ஏறல.

தேவகோட்டை_ரஸ்தா:
கமாவ இன்னைக்கே பிரிச்சுரு. செஷனுக்கு பிள்ளையார்பட்டில செருப்பு விடுறத நெனச்சுக்க. செருப்பு கடைக்காரன்கிட்ட, உன் கைல நம்பர் போட்ட டோக்கன் மட்டும். சர்வருக்கு ஞாபகமே கிடையாது, ஒவ்வொரு தடவையும் புது ஆளா தான் பாக்கும், பிரவுசர் குக்கில (பிரவுசர் வச்சுக்கிற சின்ன குறிப்பு) அந்த டோக்கன நீட்டுனா தான் யாருன்னு தெரியும். டோக்கன் வேறொருத்தன் கைல போனா செருப்பு அவனுக்கு, அதனால ஹெச்டிடிபிஎஸ் (நடுவுல யாரும் படிக்க முடியாத இணைப்பு) இல்லாம வெளிய போடாத. பாஸ்வேர்ட அப்படியே சேவ் பண்ணாம பாஸ்வேர்ட்_ஹாஷ் (திருப்பிப் படிக்க முடியாதபடி மாத்துற ஃபங்ஷன்) போடு.

கண்டாங்கி_03:
ரெண்டு நாள் ஆச்சு, டிசோசா உள்ள வந்துட்டாரு, கானாடுகாத்தான் முழுசா வருது, 3 டேபிளா பிரிச்சுட்டேன். அப்பத்தாகிட்ட காட்டுனேன், கண்ணாடிய போட்டு ஸ்க்ரீன நல்லா பாத்துட்டு "பலகாரம் குடுத்து விட்ட தூக்கு திரும்பி வந்துச்சா இல்லையான்னு எங்கடி போடுவ"ன்னு கேக்குது. நோட்ட பாத்தா கடைசில நெசமாவே அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. இது ஆர்டர் டேபிள்லயா, தனி டேபிளாண்ணே? சில பேரு ரெண்டு தூக்கு வாங்கிட்டு ஒன்னு தான் திருப்பித் தர்றாங்க.