'பல்வரிப் பதிவு' என்ற ஒரு சொல் போதாது

வணக்கம்.

கணினிக் கோப்பில் ஒரே பதிவு பல வரிகளில் நீண்டால் அதற்கு 'பல்வரிப் பதிவு' (multi-line record) என்று தமிழில் பெயர் வைக்கலாம் என்கிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் இரண்டு வேறு சங்கதிகளை அதற்குள் போட்டு அடைக்கிறோம்.

பாம்பனில் ஒரு மீன் ஏலக்காரருக்கு நான் பார்த்துக்கொடுக்கும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். படகு எண், தேதி, மீன், எடை, குறிப்பு, இந்த ஐந்து புலங்கள்தான் ஒரு பதிவு. எழுதுகிற பையன் குறிப்புக் கட்டத்துக்குள்ளேயே ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்துத் தட்டி 'நகரை பாதி ஐஸ் இல்லாமல் வந்தது' என்றும் அதற்குக் கீழே 'பாக்கி நாளை' என்றும் எழுதிவிடுவான். அதைச் சிஎஸ்வி (CSV, புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் எழுத்துக் கோப்பு) ஆக்கி வரிவரியாக வெட்டினேன், 'பாக்கி நாளை' என்ற பெயரில் புதிதாக ஒரு படகு கடலுக்குப் போய்வந்துவிட்டது. கோப்பில் தப்பில்லை, தப்பு என்னுடையது. வரிமுறிவு உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்று 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 (RFC 4180, சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆவணம்) சொல்லியிருக்கிறது. மேற்கோள் மூடுகிறவரை பதிவு முடியாது.

மின்னஞ்சல் தலைப்பு (header, அனுப்புநர், பெறுநர் போன்ற விவரங்கள் உள்ள மேல்பகுதி) வேறு கதை. நீண்ட வரியை மடித்தால் அடுத்த வரி ஓர் இடைவெளியோடு தொடங்கும், படிக்கும் நிரல் அந்த முறிவை எடுத்துவிட்டு ஒரே வரியாக விரித்துக்கொள்ளும். அங்கே தூக்கிப் போட வேண்டிய முறிவு, சிஎஸ்வியில் காப்பாற்ற வேண்டிய முறிவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் என்னைப் போல இன்னொருவன் மாட்டுவான்.

மடித்த வரிக்கு 'மடிவரி' என்ற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த பக்கத்துவீட்டு அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "எந்த மடி, இழுவைமடியா சுருக்குமடியா?" என்றார். எங்கள் கரையில் மடி என்றால் முதலில் வலைதான், மீன் போய்ச் சேரும் அந்தப் பைதான். அப்புறம் மடிவரி என்றால் உள்ளே சிக்கிய வரி என்றுதான் தோன்றும், அது சிஎஸ்வி பக்கம் போய்விடுகிறது. (மடிக்கணினியை மட்டும் எப்படி ஒத்துக்கொண்டோம் என்று கேட்காதீர்கள்.)

ஆகவே இடைவெளியில் தொடங்குவது 'தொடர்வரி', மேற்கோளுக்குள் வருவது 'உள்முறிவு'. டெபியன் (Debian, ஒரு லினக்ஸ் இயங்குதளம்) மென்பொருள் பொதிகளின் விவரணையில் வரி இடைவெளியில் தொடங்கினாலும் முறிவுக்குப் பொருள் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். சரிதான். தொடர்வரி என்பது வரியின் தோற்றத்துக்கு வைத்த பெயர், முறிவை வைப்பதா எடுப்பதா என்பது அந்தந்தப் புலத்தின் விதி.

கோப்பைப் படித்துப் பதிவும் புலமுமாகப் பிரிப்பதற்கு (parsing) 'அலசல்' வேண்டாம், 'பாகுபடுத்தல்' இருக்கட்டும். வரிமுறிவைக் கண்ட இடத்தில் நறுக்குவதை 'வெட்டுதல்' என்றே சொல்வோம். மேற்கோளுக்கு உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று நினைவில் வைத்துக்கொண்டு படிப்பதுதான் பாகுபடுத்தல்.

ஒரே ஒரு மேற்கோளை மூட மறந்து, அதற்குப் பின்னால் உள்ள அத்தனை படகும் ஒரே குறிப்புக்குள் போய்விழுவதற்கு இன்னும் பெயர் அகப்படவில்லை. 'மூடாப் புலம்' என்று வைக்கலாமா?