கவிக்கு பெங்களூர் டிக்கெட் போடலாமா?

*குரூப்: காசிமேடு தாத்தா வீடு* 🐟

*கவி:* ஒரு நல்ல செய்தி! பெங்களூர்ல நடக்குற ஓப்பன் சோர்ஸ் (யார் வேணாலும் உள்ள பாத்து மாத்திக்கலாம்ங்கிற சாஃப்ட்வேர்) மாநாட்டுல என் பேச்சை எடுத்துக்கிட்டாங்க. நம்ம ஏரியா சந்துகளை யார் வேணாலும் திருத்துற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற ஆன்லைன் மேப்ல ஏத்துனது பத்தி 🥳

*சரளா அத்தை:* சூப்பர்டி தங்கம் 👏👏 டிவில வருமா

*கவி:* யூடியூப்ல வரும் அத்தை. லைவாவே போடுவாங்க

*அம்மா:* அப்போ இங்கேருந்தே பேசிட வேண்டியதுதானே. எதுக்கு வெளியூர் போய் தங்கிக்கிட்டு

*சேகர் மாமா:* அக்கா கேக்குறது நியாயம். கொரோனா டைம்ல எல்லாமே ஆன்லைன்லதானே ஓடுச்சு

*தினேஷ்:* ஓடுச்சு மாமா. பிரஸ்ஸல்ஸ்ல ஃபாஸ்டெம்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் மாநாடு, யூனிவர்சிட்டி கேம்பஸ்ல வருஷா வருஷம் நடக்கும். டிக்கெட் இல்ல, பேர் பதிய வேணாம், நேரா உள்ள போய் உக்காந்துக்கலாம். 2021, 2022 ரெண்டு வருஷமும் முழுக்க ஆன்லைன்தான். 2023ல பழையபடி கேம்பஸுக்கே திரும்பிட்டாங்க. ஆன்லைனே போதும்னா ஏன் திரும்பணும்?

*சேகர் மாமா:* டீ குடிக்கத்தான் 😄

*தினேஷ்:* சிரிக்காதீங்க, அதான் உண்மை

*சேகர் மாமா:* தெரியும்டா. நான் வண்ணாரப்பேட்டையில பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தப்ப லினக்ஸ்னு ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்குல்ல, அதோட சிடிக்காகவே ஐஐடி போவேன். சென்னை லினக்ஸ் குரூப் மாசாமாசம் அங்கதான் கூடும். நெட்ல இறக்கலாம்னு ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலையில லைன் கட் ஆகி நிக்கும். சிடி வாங்கப் போய், பேச்சு முடிஞ்சும் மரத்தடியில நின்னு பேசிட்டு கடைசி பஸ்ஸைப் புடிப்போம். இப்ப சிடியும் வேணாம், பேச்சும் போன்லயே வருது. மரத்தடி மட்டும்தான் பாக்கி

*தினேஷ்:* அந்த மரத்தடிக்கு எவனும் ஸ்பான்சர் பண்ண மாட்டேங்கிறான், அதான் பிரச்சனை. ஓரெய்லின்னு கம்ப்யூட்டர் புக் போடுற கம்பெனி 1999லேருந்து ஆஸ்கான்னு ஓப்பன் சோர்ஸ் மாநாடு நடத்துச்சு. 2020 மார்ச்ல நேர்ல கூடுற மாநாட்டுப் பிரிவையே இழுத்து மூடிட்டாங்க. பெங்களூர்ல ஃபாஸ் டாட் இன்னு பெருசா ஒரு மாநாடு இருந்துச்சு, அது 2012ஓட சரி. கொரோனா மேல மட்டும் பழி போட முடியாது. எங்க ஆபீஸ்ல முன்னெல்லாம் ட்ரெயின் டிக்கெட் போட்டுக் குடுப்பாங்க. இப்ப கேட்டா ஏஐ கோர்ஸ் லிங்க் அனுப்புறாங்க 🤦

*அம்மா:* அதான் ஏஐ வந்துடுச்சே. சந்தேகம்னா அதுகிட்ட கேக்க வேண்டியதுதானே

*கவி:* மா, ஐஸ் கடை பக்கத்துல ரெண்டு வீட்டுக்கு நடுவுல தள்ளுவண்டி மட்டும் போற வழி இருக்குல்ல. சாட்டிலைட் படத்துல பாத்தா வெறும் தகரக் கூரைதான் தெரியும். நான் நடந்து பாத்து வழின்னு போட்டேன். யாரோ ஒருத்தர் "இங்க கட்டடம் இருக்கு"ன்னு அழிச்சுட்டார். மறுபடி போட்டேன், மறுபடி அழிச்சார். மேல மூடியிருக்குற வழிக்குன்னே மேப்ல தனி டேக் (அடையாளக் குறிப்பு) இருக்கு, அதையும் போட்டுப் பாத்தேன். மெசேஜ்ல என்ன எழுதினாலும் சண்டை மாதிரியே போகுது. அவர் பெங்களூர் வர்றார். பக்கத்துல உக்காந்து போட்டோவைக் காட்டினா அஞ்சு நிமிஷ வேலை

*சரளா அத்தை:* இன்னாது? நான் தினமும் மீன் கூடையோட போற வழி அது. அழிக்கிறதுக்கு அவன் யாரு 😡

*கவி:* கெட்டவர் இல்ல அத்தை, படத்தை மட்டும் நம்புற ஆள். ஆனா வழி இல்லன்னே இருந்தா நாளைக்கு ஆபத்துன்னு வர்றவங்க சுத்திக்கிட்டுதான் வருவாங்க. 2015 வெள்ளத்துல தண்ணி நின்ன தெருக்களை இதே மேப் மேலதான் ஆளாளுக்குக் குறிச்சாங்க

*சேகர் மாமா:* சரி, எல்லாரும் ஏன் பெங்களூருக்கே ஓடணும்? அவங்களை இங்க வரச் சொல்லு

*தினேஷ்:* போக்கு அப்படித்தான் போகுது மாமா. ஒரே பெரிய மாநாட்டை நம்பாம ஊர் ஊரா சின்னக் கூட்டம். ஃபாஸ் யுனைட்டெட்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் அமைப்பு, அவங்க சென்னையிலயும் மீட்டப் வெக்கிறாங்க. ஆனா நான் போனதெல்லாம் கிண்டி, தரமணி, ஓஎம்ஆர்தான். பேசின் பிரிட்ஜைத் தாண்ட மாட்டேங்கிறாங்க

*சேகர் மாமா:* மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் 2021லயே வந்தாச்சு. இன்னும் என்ன சாக்கு? படிக்கவும் உக்காந்து வேலை பாக்கவும் இடம் குடுக்குற கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துல கேளேன்

*தினேஷ்:* அங்க பசங்க பரீட்சைக்குப் படிக்கிறாங்க. நம்ம கூட்டம் போட்டா கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுவாங்க

*கவி:* ஹாலே வேணாம். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து ஹார்பர் பக்கம் நடந்துகிட்டே சந்து சந்தா குறிக்கட்டும். ஆனா அதுக்குக் கூப்பிடக்கூட எனக்கு அங்க ஆளு தெரியணும்ல. பெங்களூர் போனாத்தான் தெரியும்

*அம்மா:* செலவு யாரு பாக்குறது

*கவி:* உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கேன் மா, பதில் வரல

*தினேஷ்:* டெபியன்னு லினக்ஸ்ல ஒரு வகை, அதோட மாநாட்டுல சாப்பாடு, தங்குறது, பயணம் எல்லாத்துக்கும் கேக்கலாம். 2023ல கொச்சியிலயே நடத்துனாங்க. எல்லா மாநாட்டுக்கும் அந்த வசதி இல்ல. வரலன்னா நான் பாத்துக்கறேன்

*அம்மா:* காசு சரி. தனியா அனுப்ப மாட்டேன், சொல்லிட்டேன்

*சரளா அத்தை:* நான் கூடப் போறேன். அந்த ஆளை நான் பாக்கணும்

*கவி:* அத்தை 😳 அவர்கிட்ட சண்டை போட மாட்டேன்னு இங்கயே எழுதுங்க, அப்பதான் உங்களுக்கும் சேத்து பிருந்தாவன் ட்ரெயின்ல போடுவேன்

*சரளா அத்தை:* நீ முதல்ல டிக்கெட்டைப் போடு